துணையிருந்தவள்

“அன்னிக்கு உங்க கை இவ்வளவு சூடா இல்லையே சிஸ்டர்” என்றார் பஸ் டிரைவர்.

வந்ததும் வராததுமாக அவளுடைய வலது கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு இதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அறையில் ஏசி அதிகம், அதனால் இருக்கும் என்று அவளும் சிரித்தாள். அவர் தலையாட்டினார். ஆனாலும் கையை உடனே விடவில்லை. கடையில் மாற்றிக் கொடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் மாதிரி அவள் உள்ளங்கையையும் விரல்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்தார்.

அவள் பார்க்கும் வேலைக்குப் பெயர் துணை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய துணி துவைக்கும் கூடத்தை இடித்துக் கட்டிய ஆராய்ச்சிப் பிரிவில், துக்கத்திலிருந்து மீள முடியாமல் கிடப்பவர்களுக்குக் காளானிலிருந்து எடுத்த மருந்து ஒன்றை மாத்திரையாகக் கொடுப்பார்கள். கண்ணைத் துணியால் கட்டி, மெல்லிய இசையை ஓடவிட்டு, படுக்க வைப்பார்கள். ஆறு மணி நேரம் அவர்கள் தங்களுக்குள் எங்கெங்கோ போய்வருவார்கள். அந்த ஆறு மணி நேரமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள்தான் துணை. கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அவர்கள் “இருக்கீங்களா?” என்று கேட்டால் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். ஒற்றை வார்த்தைக்குச் சம்பளம் வாங்குகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று தங்கை கேலி செய்வாள்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்து, அந்த ஆறு மணி நேரத்தில் கற்றுக்கொண்ட பாடங்களைச் சொல்வார்கள். அவள் தாளில் எழுதிக்கொள்வாள். பிரபஞ்சமே தன் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்ததாகச் சொன்ன வக்கீல் ஒருவர் கடைசியில் கற்றுக்கொண்ட பாடம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது. ஒரு டீச்சர், நாத்தனாரை மன்னித்துவிட்டேன், ஆனால் அவளிடம் சொல்லமாட்டேன் என்றார். எதுவானாலும் அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். அங்கே மீறக் கூடாத விதி அது. பாடத்தைத் துணை திருத்தக் கூடாது, மறுக்கக் கூடாது.

“சொல்லுங்கண்ணே” என்றாள்.

“முதல் பாடம், ஹாரனைக் குறைச்சு அடிக்கணும்.”

எழுதினாள்.

“ரெண்டாவது, மச்சானோட பேசணும். தப்பு அவன் மேலதான். இருந்தாலும் பேசணும்.”

எழுதினாள். அவர் சிரிக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்தார். அவருடைய மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கிடந்தவர், பதினெட்டாம் நாள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினார். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டிருப்பாளா என்ற ஒரே கேள்வி எட்டு மாதமாக அவரைத் தின்றது. அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வீட்டில் பத்தொன்பது வயது மகள். வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவளை விட்டுக் கழிவறைக்குப் போனால்கூடக் கதவைத் திறந்தே வைத்திருப்பாராம்.

“மூணாவதுதான் முக்கியம் சிஸ்டர். எழுந்து போறதுக்குப் பயப்பட வேண்டாம். நாம எழுந்து போனா அந்த நாற்காலி காலியா இருக்காது.”

பேனா நின்றது.

“நீங்க சொன்னதுதானே” என்றார். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. “திங்கக்கிழமையிலேருந்து டூட்டிக்குப் போறேன். பாப்பா தனியா இருந்துக்குவா. தனியா என்ன தனியா? அதான் சொன்னீங்களே.”

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது அவள் வாய் வரை வந்தது. விதி என்று ஒன்று இருக்கிறதே என்று அதை விழுங்கிக்கொண்டாள். விதியா? எந்த விதியும் அவள் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. மறுத்தால், அப்படியானால் நீங்கள் என்னதான் சொன்னீர்கள், அப்போது எங்கே இருந்தீர்கள் என்று பேச்சு போகும். அந்தப் பயம்தான். அவள் மூன்றாவது பாடத்தையும் குண்டு குண்டான அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கையொப்பம் போட்டாள்.

ஏனென்றால் அன்றைக்கு அவள் எழுந்து போயிருந்தாள்.

எப்போதும் இரண்டு துணைகள் இருப்பார்கள். இன்னொருத்தி காய்ச்சலில் லீவு. டாக்டரம்மா, “நீ ஒருத்தியே பத்து பேருக்குச் சமம், பார்த்துக்கோ” என்றார். அவளும் மனம் குளிர்ந்துபோனாள். அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவள் கொண்டுபோயிருந்தாள். மதியம் பன்னிரண்டே காலுக்குக் கொஞ்சம் முன்னால் அது இடுப்பில் அதிர்ந்தது. தங்கை. நாலாவது தடவை. டிரைவர் வாயைத் திறந்தபடி ஆழத்தில் கிடந்தார், மூச்சு சீராக இருந்தது. அவர் விரல்களிலிருந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு அவள் வராந்தாவுக்குப் போனாள்.

உயிர் போகிற சமாச்சாரம் ஒன்றும் இல்லை. தங்கை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். இரண்டு மஞ்சளில் எது நல்லது என்று கேட்டாள். வீடியோவில் சுவரைக் காட்டினாள். அவள் வெளிர் மஞ்சள் என்றாள், பிறகு மற்றதுதான் என்றாள், இருவரும் அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கால் மணிக்கொரு தரம் எழுத வேண்டிய தாளில், விட்டுப்போன இடத்தில், “12.15: அமைதி. கையைப் பிடித்திருக்கிறேன்” என்று எழுதினாள்.

துணையாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் ஒரு முறை அந்த மருந்தைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். அவளும் எடுத்திருக்கிறாள். அந்த ஆறு மணி நேரத்தில் தன் வாழ்க்கை முழுவதையும் பக்கத்து அறையிலிருந்து பார்த்தாள். அம்மா பேசும்போது அடுப்பில் கவனம், அடுப்பில் நிற்கும்போது ஆபீஸ் நினைப்பு. எந்த இடத்திலும் அவள் முழுதாக இருந்ததே இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். ‘இருக்கும் இடத்தில் இரு’ என்று தன் பாடத்தை எழுதினாள். புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைக் கண் கலங்கச் சொல்வாள். அவ்வளவு நல்ல பாடத்தை இரண்டு மஞ்சளுக்கு விற்றுவிட்டோமே என்று இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும், ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். அந்தப் பிரிவில் கேமரா கிடையாது. ஒலிப்பதிவு மட்டும். எந்தத் துணை உட்கார்ந்தாளோ அவளே கேட்டு, அவளே தட்டச்சு செய்ய வேண்டும். டாக்டர் தாளைத்தான் படிப்பார். பன்னிரண்டு நிமிடத்தை இசை, அமைதி என்று அடித்துவிட்டால் தீர்ந்தது என்று அவள் தனக்குத்தானே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

தட்டச்சு அறையில் ஜெராக்ஸ் மெஷின் அணைந்த பிறகும் சூடான காகிதத்தின் வாசனை போகவில்லை. இரும்பு அலமாரிகளில் கோப்புகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடுகளாகப் போட்டிருந்தது. பயப்படுவதற்கு அந்த அறையில் ஒன்றுமே இல்லை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதல் இரண்டே முக்கால் மணி நேரத்தில் இசை, இருமல், போர்வையின் சரசரப்பு, அவர் ஒன்பது முறை “இருக்கீங்களா?” என்று கேட்டது, ஒன்பது முறையும் அவள் சொன்ன “இருக்கேன்”. கேட்கக் கேட்கத் தன் குரலே அவளுக்கு இதமாக இருந்தது. நல்ல துணைதான் நான் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு போன் அதிரும் மெல்லிய உறுமல். அவள் உட்கார்ந்திருந்தது பிரம்பு நாற்காலி. உட்கார்ந்தால் ஒரு முறை நீளமாக முனகும். எழுந்தால் நெட்டி முறிப்பது போல இரண்டு முறை சடசடக்கும். அந்தச் சடசடப்பு கேட்டது. ரப்பர் செருப்பு தரையில் ஒட்டிப் பிரிந்து போயிற்று. கதவு. தாழ்.

அவள் விரல்கள் விசைப்பலகையில் ‘இசை’ என்று அடித்தன. வீணையா வேறு எதுவா என்று தெரியாத ஒற்றைத் தந்தி எங்கோ மெதுவாக அதிர்ந்து அடங்க, அதன் அடியில் டிரைவரின் மூச்சு கரகரவென்று ஏறி இறங்க, அதற்கும் அடியில் ஏசியின் ரீங்காரம் தேய்ந்துகொண்டே போக, அவள் ‘அமைதி’ என்று அடிக்கப் போனாள்.

நாற்காலி நீளமாக முனகியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

அவள் பின்னால் ஓட்டிக் கேட்டாள். கதவு, தாழ், தந்தி, மூச்சு, முனகல். கதவு திறந்த சத்தம் இல்லை. காலடிச் சத்தம் இல்லை. இன்னொரு தடவை ஓட்டினாள். முனகலுக்குப் பிறகு, தோலோடு தோல் உரசும் வறண்ட சத்தம். ஒரு கையை இன்னொரு கை எடுத்துக்கொள்கிற சத்தம்.

“இருக்கீங்களா?” என்றார் டிரைவர்.

“இருக்கேன்.”

அவள் குரல். சளி பிடித்தது போல லேசாகக் கம்மும் கடைசி எழுத்துவரை அவள் குரல். வராந்தாவில் மஞ்சளைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்த அவளுடைய குரல்.

“நான் டீ குடிக்கப் போயிட்டேன் சிஸ்டர்” என்று டிரைவர் அழ ஆரம்பித்தார். “பத்து நிமிஷம்தான். அதுக்குள்ள போயிட்டா. என்னைக் கூப்பிட்டிருப்பாளா?”

“கூப்பிட்டா.”

அழுகை நின்றது.

“நான்தான் போனேன். அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து கையைப் பிடிச்சேன். இருக்கேன்னு சொன்னேன். உங்க குரல்லதான் சொன்னேன். அவளுக்கு வித்தியாசம் தெரியல.”

நீண்ட நேரம் மூச்சு மட்டும். அவர் மூச்சு மட்டும்தான். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேடினாள். இன்னொரு மூச்சு இல்லை.

“அப்போ அவ தனியாப் போகலையா?”

“யாரும் தனியா இருக்கறதில்ல. எழுந்து போறவங்க இடத்துல நான் உட்காருவேன். பாப்பாவை விட்டுட்டு நீங்க வேலைக்குப் போங்க. நான் பார்த்துக்கறேன்.”

அவர் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும். அத்தனை நிம்மதியாக ஒரு மனிதன் சிரித்து அவள் கேட்டதில்லை. 

கதவு திறந்தது. ரப்பர் செருப்பு. இது அவள்தான். வருகிறாள். அவளுக்கு ஒலிப்பதிவில் வரும் அந்தப் பெண்ணைப் பார்த்து, வராதே, அங்கே உட்காராதே என்று கத்த வேண்டும் போலிருந்தது. எழுந்து போகிற சடசடப்புக்காகக் காத்திருந்தாள். இரண்டு முறை சடசடக்க வேண்டும். சடசடக்கவில்லை. செருப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. நாற்காலி மறுபடி முனகியது. கூடுதல் பாரத்தில்.

அது எழவே இல்லை.

அடுத்த மூன்று மணி நேரமும் அவள் உட்கார்ந்திருந்தாள். அதன் மேல். அல்லது அதற்குள். எங்கே என்று யோசிக்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு டிரைவர் நான்கு முறை “இருக்கீங்களா?” என்று கேட்டார். நான்கு முறையும் பதில் இரட்டையாக வந்தது. ஒரு குரலுக்கு ஒரு மயிரிழை முன்னால் இன்னொன்று. முன்னால் வந்தது அவளுடையது இல்லை.

டாக்டரம்மாவின் அறைக்கு எப்படிப் போனாள் என்று தெரியாது. அவர் டிரைவரின் பாடத் தாளைத்தான் கையில் வைத்திருந்தார்.

“வா வா, உன்னைத்தான் நினைச்சேன். என்ன மந்திரம் போட்டே? இந்த வருஷத்துலேயே நல்ல முன்னேற்றம் இவர்தான். மூணாவது பாடத்தைப் பாரேன், எனக்கே அழுகை வந்துடுச்சு.”

“டாக்டர், அந்த ரெக்கார்டிங்ல...”

“என்ன?”

சொல்லிவிடு. பன்னிரண்டு நிமிடம் நான் இல்லை. தாளில் எழுதியது பொய். இரண்டே வாக்கியம். டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை நாளைக்கு இருக்காதே என்று அவளுக்குத் தோன்றியது.

“நடுவுல கொஞ்சம் இரைச்சலா இருக்கு.”

“ஏசியா?”

“ஆமா டாக்டர்.”

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பெண்ணின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் நல்ல பெயருக்குக் காவல் நிற்கிறாயே, நீ மனுஷிதானா என்று அவள் மனமே அவள் முகத்தில் துப்பியது. டிரைவருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். பஸ் ஓட்டுகிறார். நேற்றும் ஓட்டியிருப்பார். இரண்டு நாளாக அந்தப் பெண் தனியாக இருக்கிறாள். தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

கோப்பிலிருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். மூன்று நிறுத்தம் தள்ளி, டயர் கடைக்குப் பின்னால், மூன்று மாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி. வெயில் படிக்கட்டில் பளீரென்று அடித்தது. கீழ்வீட்டில் மிக்ஸி ஓடியது, யாரோ ஒரு குழந்தையை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறும்போது, அவரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அண்ணே, நான் அன்னிக்கு வெளிய போயிட்டேன். உங்ககிட்டப் பேசினது நான் இல்ல. அவருடைய நிம்மதி போய்விடும். மனைவி தனியாகத்தான் போனாள் என்ற பழைய முள் திரும்ப ஏறும். ஏறட்டும். மகள் பிழைப்பாள். அவர் ஓடி வந்து அந்த நாற்காலியில் தானே உட்காருவார்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அவசரத்துக்கு யாராவது உள்ளே வர வேண்டுமே என்று அப்படி விட்டிருப்பார்கள். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மகளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. தள்ளினாள்.

பினாயில் வாசனை. மாவு மணம். சுவரில் ஒரு பெண்ணின் படம், அதன் கீழே டிரைவரின் காக்கிச் சட்டை மடித்து வைத்திருந்தது. மிக்ஸிச் சத்தம், வாய்ப்பாடு, டயர் கடையின் காற்றடிக்கும் மெஷின் எல்லாம் வாசலோடு நின்றுவிட்டன. உள் அறையிலிருந்து கட்டிலின் கால் தரையில் தட்டும் ஒலி மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. டக். டக். டக்.

ஓடினாள்.

பெண்ணுக்கு வலிப்பு வந்திருந்தது. கண்கள் மேலே செருகி, தாடை இறுகி, உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. இடது கை மெத்தையை அடித்துக்கொண்டிருந்தது. கால்கள் அடித்துக்கொண்டிருந்தன.

வலது கை அசையவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கம், ஜன்னலோரம், ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தது. அதில் பூப்போட்ட மெத்தை. மெத்தையின் நடுவில் பள்ளம். அந்த நாற்காலியை நோக்கி, படுக்கைக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், பெண்ணின் வலது கை நீண்டிருந்தது. உடம்பே உதறுகிறது. அது மட்டும் மரத்தில் செய்தது போல. புறங்கையில் நான்கு வெள்ளைத் தடங்கள். இறுக்கிப் பிடித்தால் ரத்தம் விலகி வெளுக்குமே, அப்படி.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் இருந்த பழக்கம் கையில் இருந்தது. இந்தப் பக்கம் தரையில் முட்டி போட்டு, பெண்ணைத் தன்னை நோக்கி ஒருக்களிக்கத் திருப்பப் பார்த்தாள். பாதிதான் திரும்பியது. அந்தப் பக்கம் விடவில்லை. தலைக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தாள், வாயோரத்து நுரையைத் துடைத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நிமிடம். இரண்டு. இரண்டரை. உடம்பு தளர்ந்தது. மூச்சு பெரிதாக ஒரு முறை வந்தது. பெண்ணின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்காலியைப் பார்க்கவில்லை. பெண்ணின் முகத்தையே பார்த்தபடி பேசினாள்.

“நான் எழுந்து போனேன். தப்பு என்னோடது. அதுக்கு இவங்களை எடுத்துக்காதே. நான் வந்துட்டேன். இனிமே எழுந்திருக்க மாட்டேன்.”

 இடுப்பில் போன் அதிர்ந்தது. தங்கையாக இருக்கும், டாக்டராக இருக்கும். அவள் எடுக்கவில்லை. முழங்கால் மரத்தது. தாகம் எடுத்தது. வெயில் கோடு தரையில் மெல்ல நகர்ந்து கட்டில் காலைத் தொட்டது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். பெண் அயர்ந்து தூங்கினாள். அவள் அசையவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக வேறு எதையும் நினைக்காமல் ஒரு இடத்தில் இருந்தாள். இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இவ்வளவுதானே கேட்டார்கள் என்று கண்ணீர் தானாக வழிந்தது. அந்தப் பக்கம் வெள்ளைத் தடங்கள் வெள்ளையாகவே இருந்தன.

ஐந்து மணிக்கு முன்கதவு திறந்தது. சாவிக்கொத்தை ஆணியில் மாட்டும் சத்தம்.

“பாப்பா, அப்பா வந்துட்டேன்டா” என்றபடி டிரைவர் அறை வாசலில் வந்து நின்றார். வியர்வையும் டீசலும் மணத்தது. அவரைப் பார்த்ததும் அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் அறையில இல்ல. பன்னிரண்டு நிமிஷம் போன் பேசப் போயிட்டேன். உங்ககிட்டப் பேசினது நான் இல்லண்ணே. பாப்பாவைத் தனியா விடாதீங்க. அது...”

டிரைவர் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் தவறான நிறுத்தத்தில் இறங்க நிற்கும் பயணியைப் பார்ப்பது போல, கொஞ்சம் பரிவு, கொஞ்சம் குழப்பம்.

“யாரும்மா நீங்க?”

“அண்ணே, நான்தான். ஆஸ்பத்திரியில... துணை.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவள் தலைக்கு மேலாக, கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பார்த்து, மரியாதையோடு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சிஸ்டர், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காதுக்கு மிக அருகில், கடைசி எழுத்து லேசாகக் கம்ம, அவள் குரல் சொன்னது.

“தெரியலையே.”

“சரி சரி, பயப்படாதீங்கம்மா, நான் கீழ வரைக்கும் கொண்டுவிடறேன்” என்று டிரைவர் அவள் தோளைத் தொட்டார்.

பெண் கண்ணைத் திறந்தாள். தன் இடது கையைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். தெரியாத ஒருத்தி நெருக்கி உட்கார்ந்தால் நாசூக்காக நகர்ந்துகொள்வோமே, அந்த மாதிரி, அவள் மனம் நோகாதபடி, விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் புரண்டு படுத்தாள். இடது கையையும் அந்தரத்தில் நீட்டினாள். ஒரு சாண் உயரத்தில் அது நின்றது. புறங்கையில் மெதுவாக நான்கு இடம் வெளுத்தது.